யூசுப் பாய் கேட்டு வாங்கிய கெட்ட பெயர்

யூசுப் பாய் போய்விட்ட செய்தி அவிநாசி கார் ஸ்டாண்டில் எனக்குக் கிடைத்தது. சவாரிக்குக் காத்திருந்த ஓட்டுநர் ஒருவர், "ஏனுங்க, உங்க மெக்கானிக் காலையில தவறிட்டாருங்களாமா" என்றார். உங்க மெக்கானிக்காம். ஒரு காலத்தில் பல்லடம் சாலையில் அவர் பட்டறை வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அழுகையைவிடக் கோபம்தான் எனக்கு முந்திக்கொண்டு வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த வாசல் காலியான கதை மறந்திருக்காது. மறந்திருந்தால் நானே சொல்கிறேன்.

என் பழைய டாக்ஸியில் எண்ணெய் அழுத்தம் விழ ஆரம்பித்திருந்தது. கிளம்பும்போது மீட்டர் முள் சரியாக நிற்கும். மூலனூர் போய்ச் சேர்வதற்குள் அடியில் படுத்துவிடும். கோவையில் ஒரு பட்டறையில், பேரிங் தேய்ந்துவிட்டது, என்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு எனக்கு வக்கில்லை. "வண்டிய வித்துப்போட்டு நம்ம பனியன் கம்பெனிக்கு வந்துருங்க மாப்ள" என்று மச்சான் காத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கைகட்டி நிற்பதற்குப் பதில் நான் பட்டினியே கிடப்பேன்.

கடைசியில் வண்டியை யூசுப் பாயிடமே கொண்டுபோனேன். அவர் முதலில் வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்தார். அதிலும் முள் படுத்தது. பிறகு என்னோடு ஏறி உட்கார்ந்து தாராபுரம் சாலையில் விடச் சொன்னார். முள் விழுந்ததும், "நிறுத்துங்க. ஓட்டிக்கிட்டே யோசிக்கக் கூடாது" என்றார். மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, சூடு ஆறுமுன்பே கிளப்பச் சொன்னார். முள் பழையபடி ஏறி நின்றது.

"பேரிங் தேஞ்சிருந்தா இந்தச் சூட்டுல முள்ளு ஏறாதுங்க. ஓடறப்ப எண்ணெய் உறிஞ்சற சல்லடைய என்னமோ அடைக்குது. நிறுத்துனா அது கீழ விழுந்துருது" என்றார்.

பட்டறையில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால், உள்ளே களியாக நூல் பிசிறு. பனியன் வெட்டும்போது விழுகிற வேஸ்டைத்தானே நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் துடைக்கிறோம்? போன முறை என்ஜினைத் திறந்தபோது பாய் அதைக் கொண்டுதான் உள்ளேயும் துடைத்திருந்தார்.

சல்லடையைக் கழுவி மாட்டினார். எவ்வளவு தூரம் ஓட்டியும் முள் அசையவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். மனிதர் அந்தப் பிசிறை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு சாலைக்குப் போய் ஓட்டுநர்களையெல்லாம் கூப்பிட்டார். "என்ற தப்புங்க. நான் தொடச்சதுதான் இது. உங்க வண்டியவும் கொண்டாங்க, கழட்டிப் பாத்துரலாம்."

"ஏம் பாய், கமுக்கமா இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்று திட்டினேன்.

"அவுங்க வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா?" என்றார்.

ஒருவரும் கொண்டுவரவில்லை. 'என்ஜினுக்குள்ள பனியன் தைக்கிற பாய்' என்று சிரித்துவிட்டு வேறு பட்டறைகளுக்குப் போனார்கள். அங்கேயும் அதே வேஸ்ட்தான். யாரும் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு மத்தியானங்களில் அந்தப் பட்டறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் டீ குடித்தோம். ஒருநாள், "சங்கடமா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்க, இருக்குது" என்றார்.

நேற்று அடக்கத்தில் வண்டிக்காரன் என்று நான் ஒருவன்தான் நின்று மண் போட்டேன். மனசு தாளவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் வண்டியும், கைகட்டாமல் தின்கிற சோறும், தட்டை ஏந்திக்கொண்டு 'என்ற தப்புங்க' என்று சொன்ன அந்தக் குரலும். அதைக் கேட்டுச் சிரித்தவர்களே, அவர் அதை உங்கள் வண்டிகளுக்காகச் சொன்னார். என் வண்டி அதற்கு முன்பே சரியாகிவிட்டிருந்தது.