ஹட்டன் மரக்காலையில் எட்டு இரண்டாம் தரப் பலகைகள்

கம்பளையில் எங்கள் வீட்டு மாடிப்படியைக் கறையான் தின்றுவிட்டது. மாடியில்தான் என் மனைவி வாசுகி தையல் வகுப்பு தொடங்குவதாக இருந்தாள். பதினொரு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் திங்கட்கிழமை முதல் வகுப்பு. ஆகவே போன ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் ஹட்டனுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, மரம் வாங்க.

காலை ஒன்பதே காலுக்கு ரயில். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு இருநூறு ரூபாய், உட்கார இடமில்லை. நாவலப்பிட்டி தாண்டியதும் கதவருகே நின்றால் தேயிலைச் சரிவுகள் நன்றாகத் தெரியும். கால் வலியும் நன்றாகவே தெரியும். பதினொரு மணிக்கு ஹட்டனில் இறங்கினால் மழை. மரம் அறுத்து விற்கும் மரக்காலை டிக்கோயா வீதியில் மூன்று கிலோமீட்டர். முச்சக்கர வண்டிக்கு ஐந்நூறு ரூபாய்.

"மரமா எடுக்கப் போறீங்க? கூரைக்கு அடியில அடுக்குனதா பார்த்து எடுங்க சார்" என்றார் வண்டிக்காரர். கட்டணத்தில் ஆலோசனையும் அடக்கம்.

மரக்காலைக்காரர் நிஸ்தார் நானாவிடம் எட்டடி நீளத்தில் எட்டு கிராண்டிஸ் பலகைகள் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தோம். தேயிலைத் தோட்டங்களில் நெட்டநெடுக வளர்ந்து நிற்குமே, அந்த யூகலிப்டஸ் வகைதான். பலகைகள் தயார். ஆனால் ஒவ்வொன்றிலும் நீலச் சாக்கட்டியால் '2' என்று எழுதியிருந்தது.

"என்ன நானா, ரெண்டாந்தரத்த நம்ம தலையில கட்டுறீங்க? புள்ளைங்க ஏறுற படிங்க இது!"

"மொதத் தரம் இனி அடுத்த மாசந்தான் தம்பி. ரெண்டுன்னா பலமில்லைன்னு இல்ல. நாங்க பலகையோட மோசமான பக்கத்ததான் பார்ப்போம். கணு, வெடிப்பு இல்லாம நீளத் துண்டு வெட்டலாம்னா ஒண்ணு. சின்னத் துண்டுதான் தேறும்னா ரெண்டு."

விற்பவர் வேறென்ன சொல்வார்? கிளம்பலாம் என்று திரும்பினேன். வாசுகி பலகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"துணியில ஒரு ஓட்டை இருந்தா முழுத் துணியையும் வீசுவோமாங்க? ஓட்டைய விட்டுட்டு வெட்டுவோம். நம்ம படி மூணடிதானே?"

தையற்காரியின் கைப்பையில் அளவுநாடா இல்லாமல் இருக்குமா? நானாவிடம் சாக்கட்டியை வாங்கி, கணுக்களைச் சுற்றி வட்டம் போட்டாள். கணு படாத இடத்தில் மூன்றடிக் கட்டங்கள் வரைந்தாள். நானும் நானாவும் ஒவ்வொரு பலகையாகத் தூக்கிப் பிடித்து, மறுபக்கமும் காட்டினோம். ஏழு பலகைகளில் இரண்டிரண்டு படிகள் தேறின. எட்டாவதில் கணு ஏடாகூடமான இடத்தில் இருந்ததால் ஒன்றே ஒன்று. மொத்தம் பதினைந்து. எங்களுக்குத் தேவை பதினான்கு.

அப்பாடா! அங்கேயே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். நானா பாலில்லாத பிளேன்டீ வரவழைத்தார். சின்ன லொறிக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய். மாலை ஐந்து மணிக்கு மரமும் நாங்களும் வீடு சேர்ந்தோம்.

மரம் வாங்கப் போகிறவர்களுக்கு: எந்தச் சாமானுக்கு எத்தனை அடித் துண்டு வேண்டும் என்று தச்சரிடம் முதலில் கேளுங்கள். நீளமான மேசைக்கு முதல் தரம் வேண்டும். மாடிப்படிக்கும் சின்னக் கதவுக்கும் இரண்டாம் தரம் போதும், விலையும் குறைவு. ஆனால் தர எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பலகையை முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், வளைந்திருந்தால் தெரியும். ஈரம் காய்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வெளிறிய ஓரப்பகுதியைப் பூச்சி சீக்கிரம் அரிக்கும், தவிருங்கள். லொறியில் ஏற்ற அனுமதிப் பத்திரம் வேண்டுமா என்பதையும் மரக்காலையிலேயே விசாரியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் தச்சர் புதுப் படிகளைப் பொருத்தி முடித்தார். திங்கட்கிழமை காலை பதினொரு பெண்களும் ஒருவர் பின் ஒருவராக ஏறுவார்கள் என்று நினைத்தேன். மொத்தமாக ஓடினார்கள். நான் கீழே கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். ஒரு படிகூட முனகவில்லை. மேலே வாசுகி வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கியது.