கடல் தாண்டிச் சோறூட்டிய மரகதம் அக்கா

மரகதம் அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் எங்கள் விடுதியில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவள் மகள் ஜெயந்திதான் பேசினாள். "அம்மா போயிடுச்சி சித்தி." அவ்வளவுதான். அழவில்லை. நான்தான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர் வல்லம் வடகாலில் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் வேலை பார்த்த அக்காவைத் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

அங்கே இருவரும் ஒரே அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்தோம். நான் குழந்தை பார்த்துக்கொண்டேன். அக்கா ஒரு சீனக் குடும்பத்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். ஞாபகம் தப்பிப்போன அந்த அம்மா, பெற்ற மகன் ஊட்டினாலும் வாய் திறக்கமாட்டார். அக்கா தமிழில் "ஆ காட்டு கண்ணு" என்றால் திறப்பார். "பசிக்கிற வாய்க்கு இன்னாடி பாஷை?" என்பாள் என்னிடம். ஊட்டும்போது தன் வாயையும் திறப்பாள். அவர் விழுங்கினால் இவளும் விழுங்குவாள். "ஒரு கிண்ணம் கஞ்சியில ரெண்டு பேரா?" என்று கேலி செய்திருக்கிறேன்.

நான் ஊர் திரும்பிய பிறகு, சிறுநீரகம் கெட்டு அக்காவும் திரும்பியதும் அந்த அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அக்காவின் பதிவு செய்த குரலைப் போட்டுப் பார்த்தார்களாம். பலிக்கவில்லை. பிறகு தினமும் வீடியோ அழைப்பு. அங்கே இந்தோனேசியப் பெண் ஒருத்தி கஞ்சி ஊட்ட, இங்கே அக்கா வெறும் கரண்டியைப் போனுக்கு நேராக உயர்த்துவாள். ஒருநாள் நடுவில் இணைப்பு அறுந்தது. இருண்ட திரைக்கும் அவள் ஊட்டிக்கொண்டே இருந்தாள். "கட்டாயிடுச்சிக்கா" என்றேன். "இரு, முழுங்கட்டும்." மறுபடி இணைப்பு வந்தபோது அந்தப் பெண் காலிக் கிண்ணத்தைக் காட்டினாள்.

ஜெயந்திக்கு அது வேறு மாதிரி வலித்தது. அக்கா விமானம் ஏறியபோது அவள் கைக்குழந்தை. வளர்த்தது பெரியம்மா. ஜெயந்தி ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால் இந்தக் காட்சிதான். "எனக்கு ஒரு வாய் ஊட்டுனதில்ல. போனுக்கு ஊட்டிக்கினு கீது பாரு" என்பாள். "அது கேக்கறது நாயந்தான்" என்று மட்டும் அக்கா சொன்னாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்காவை ஃப்ரீசர் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சேர்த்து வெள்ளைத்துணி கட்டியிருந்தது. வழக்கமான நேரத்துக்கு அவள் போன் அடித்தது. "எழவு வூட்ல இன்னா போனு? அணைச்சுப் போடு" என்றார் மாமா ஒருவர். ஜெயந்தி எடுத்துவிட்டாள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்த அம்மா சாப்பிடவில்லை, இன்றும் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போட்டுவிடுவார்கள் என்று இந்தோனேசியப் பெண் அழுதாள். அவள் பேசியதை நான்தான் ஜெயந்திக்குத் தமிழில் சொன்னேன். போனை வீசி அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

போனில் பெட்டி தெரியாதபடி அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். "ஆ காட்டு கண்ணு."

அது அக்காவின் குரல். பெட்டியருகே இருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். நான் அக்காவின் தாடைத் துணியைப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. திரையில் அந்த வாய் திறந்தது. இங்கே ஜெயந்தியின் வாயும் திறந்திருந்தது. ஊட்டி முடித்தபிறகுதான் அவள் அழுதாள். "எனக்கு ஊட்டியிருந்தா இப்டித்தான் இருந்திருக்குமா சித்தி?"

ஜெயந்தி இப்போது தினமும் காலையில் வீட்டில் இருக்கும்படி நைட் ஷிஃப்டையே நிரந்தரமாக வாங்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் தெருவில் போகிறவர்கள் அந்த வாசலை வேகமாகக் கடக்கிறார்கள். நான் நிற்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் குரல்தான்; பயமாக இருந்தாலும் விட மனமில்லை. நேற்று ஜெயந்தி வெளியே வந்தாள்.

"அந்தம்மா இன்னிக்கு பேர் சொல்லிக் கூப்டுச்சி சித்தி."

"உன் பேரையா?"

"இல்ல. மரகதம்னு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னாம்மான்னேன்."