புர்கலின் கையில் புது பீப்ஸர்

கொதிக்கிற தண்ணீரில் உடைந்துபோகும் ரொட்டி உருண்டை எப்போதும் நோட்புர்காவின் தட்டுக்குத்தான் போகும். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவளே கரண்டியை விட்டுத் துழாவி, முழுசாக இருப்பதையெல்லாம் மற்றவர்களுக்கு ஒதுக்கிவிடுவாள். டிரோல் மலைப் பள்ளத்தாக்கில் பள்ளி பஸ் ஓட்டுகிற அவளை ஊரே புர்கல் என்று கூப்பிடும்.

"உடைஞ்சதா பாத்துப் பாத்துத் தின்னு, என்னத்தடி சேத்து வைக்கிற?" என்று கணவன் காஸியன் கிண்டல் செய்வான். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

அந்த வருடம் சின்னவள் சென்ஸிக்குப் பதின்மூன்று முடிந்தது. அம்மாவோடும் அக்கா அஃப்ராவோடும் பாதை போடாத சரிவுகளில் பனிச்சறுக்கப் போகலாம் என்று வீட்டில் முடிவானது. காஸியனுக்கு முழங்கால் போய்விட்டதால் அவன் கணக்கில் இல்லை. ஆக, மூன்று பீப்ஸர் வேண்டும். பனி சரிந்து ஆளை மூடினால் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற கருவி அது; புதைந்தவரிடம் இருப்பது சிக்னல் அனுப்பும், வெளியே நிற்பவரிடம் இருப்பது அதைத் தேடிப் பிடிக்கும். வீட்டில் இருந்ததோ காஸியனின் பழசு ஒன்றுதான்.

புர்கல் கடையில் ஒரு மணி நேரம் நின்றாள். "போனோட சேர்றது, ரொம்ப தூரம் எட்டுறதுன்னு விலையை ஏத்தி வெச்சிருக்கான். உங்களுக்கு அதெல்லாம் வேணாம். மூணு ஆன்டெனா இருக்கணும், கையுறையோட அமுக்க வரணும். அது போதும்" என்றாள் கடைக்காரி. போன வருட மாடல், தள்ளுபடியில் இரண்டு கிடைத்தன. புதுசு பெண்களுக்கு, பழசு தனக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பழசை மலை மீட்புக் குழுவிடம் காஸியன் காட்டினான். சிக்னல் அனுப்புவதில் குறையில்லை, தேடுவதில்தான் கிழடு என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சொல்லையும் புர்கல் சிரித்துத் தள்ளிவிட்டாள்.

முதல் பனி விழுந்ததும் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் பயிற்சி. அம்மாவின் பழசைப் பையில் கட்டிப் பனிக்குள் புதைத்தார்கள். அஃப்ரா தன் கருவியின் அம்புக்குறியைப் பார்த்தபடி நடந்து, நாலு நிமிடத்தில் தோண்டி எடுத்தாள்.

அடுத்து புர்கல். இப்போது புதைந்திருந்தது சென்ஸியின் கருவி. பழசில் அம்பும் இல்லை, எண்ணும் இல்லை; சத்தம் மட்டும்தான். கூடுகிறது, குறைகிறது, திரும்பினால் மறுபடி கூடுகிறது. அவள் குறுக்கும் நெடுக்கும் அலைந்தாள். காஸியன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பதினைந்து நிமிடம் தாண்டியதும் அதைப் பையில் போட்டுவிட்டான். பனிக்குள் பதினைந்து நிமிடம் தாண்டினால் ஆள் பிழைப்பது அரிது என்று அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும்.

"அம்மா, அது என்னோடது. உள்ள நான் இருந்திருந்தா?" என்று சென்ஸி கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

புர்கல் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அஃப்ரா பக்கத்தில் வந்து குந்தினாள். "நெஞ்சுல மாட்டியிருக்கிறது நம்மளக் காப்பாத்தாதும்மா. அது கத்தும், அவ்ளோதான். தேடுறவ கையில இருக்கிறதுதான் காப்பாத்தும். நல்லது உன்கிட்டயும் என்கிட்டயும் இருக்கட்டும். பழச சின்னவளுக்குக் கட்டு."

"இருக்கிறதிலேயே மட்டமானத எடுத்துச் சின்னப்புள்ளைக்கா? என்னால முடியாதுடி."

"அப்ப அவள எப்படித் தேடுவ?"

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் காஸியன் முழு உருண்டை ஒன்றைப் புர்கலின் தட்டில் வைத்தான். "இதுல ஆரம்பி" என்றான். அவள் அழுதுகொண்டே தின்றாள். உடைந்த உருண்டையை அவள் தின்றால் பிள்ளைகளுக்கு முழுசு மிஞ்சும். பீப்ஸர் கணக்கு அப்படி இல்லை என்பது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

அடுத்த வருடம் மூன்றாவது புதுசையும் வாங்கிவிடுவது, அதுவரை செங்குத்தான சரிவுப் பக்கமே போவதில்லை என்று பேசி முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கார் நிறுத்துமிடத்தில் சென்ஸியின் மேல்கோட்டைத் திறந்து பழைய பீப்ஸரின் வாரைப் புர்கலே இழுத்துக் கட்டினாள். பிறகு, கிளம்பும் முன் கருவிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கிற வழக்கமான சோதனை: ஒருத்தி முன்னால் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவளைக் கடந்து நடக்க வேண்டும். புர்கல் புதுசைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். அஃப்ரா கடந்தாள். சென்ஸி வந்தாள். தூரத்தைக் காட்டும் எண் இறங்கி இறங்கி, கருவி வீறிட்டது.

"கேக்குதாம்மா?"

"கேக்குது" என்றாள் புர்கல். "எதுக்கும் இன்னொரு தடவை நட."