அலாஸ்காவுக்கு லீவு கிடையாதாம்

எழுதினால் யாருக்காவது மனம் நோகுமே என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். இனி முடியாது. முருகன் சாட்சியாக எழுதுகிறேன்.

துபாய், கராமா. கம்பெனி ஆபீசில் நானும் என் மனைவியும் நிற்கிறோம். வான்கூவரில் இருக்கும் அவள் தம்பி, அலாஸ்கா போகும் கப்பலில் எங்களுக்கு இடம் பிடித்திருக்கிறான். வழியில் இறங்கி, கூட்டத்தோடு சேராமல் நாங்களே ரயிலேறிப் பனிமலை பார்ப்பதாகத் திட்டம். சர்க்கரையால் அவளுக்குக் கண் மங்கி வருகிறது. பார்வை போவதற்குள் காட்டிவிட வேண்டும். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே கம்பெனி வாங்கி வைத்துக்கொண்ட அது மேனேஜரின் இரும்பு அலமாரியில் இருக்கிறது.

மேனேஜர் எங்கள் திருநெல்வேலிக்காரர்தான். சிரிக்கிறார்.

"என்னவே, ஐஸ் பாக்கணும்னா டேரா மீன் மார்க்கெட்டுக்குப் போவும்! லீவுன்னா ஊருக்குப் போறதுதான். மெட்ராஸ் டிக்கெட்டக் காட்டும், பாஸ்போர்ட் தாரேன். அலாஸ்காவெல்லாம் மாஃபி, கிடையாது."

"லீவு எனக்கு உள்ளதுதானே, அண்ணாச்சி? எங்க போனா என்ன?"

"நமக்கு விசா குடுத்த அரபி, கஃபீல், கேட்டா நான் என்ன சொல்ல? கலாஸ், பேச்சு முடிஞ்சுது, கிளம்பும்."

என் மனைவி முன்னால் வருகிறாள். "மலையப் படைச்ச சாமி, யாரு பாக்கலாம்னு உங்க கஃபீல்கிட்டயா கேட்டுச்சு?"

அவர் அலமாரியைப் பூட்டுகிறார். அவர் நெற்றியிலும் என்னைப் போலவே திருநீறு.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். அவரை நல்லவராக்கவும் வேண்டாம், கெட்டவராக்கவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.