குளிர் புதுசு

வடக்கிலிருந்து வந்தவர்களை வாசுகிக்குக் கண்டாலே ஆகாது. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள் அவள். கூலியை உயர்த்திக் கேட்டால் போதும், ஜார்க்கண்டிலிருந்து இன்னொரு லாரி ஆளை இறக்கிவிடுவோம் என்று துரைமார் மிரட்டுவார்கள். அந்த ஆத்திரத்தைத் துரையிடம் காட்ட முடியுமா? பக்கத்து லைன் வீட்டு ஜார்க்கண்டுக்காரி பூல்மணியிடம் காட்டினாள். நல்ல நியாயம்!

பூல்மணி பிள்ளைத்தாய்ச்சி. போன வாரம் முகமெல்லாம் வீங்கி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் நின்றாள்.

"குளிர் புதுசு. பழகிடும், போ," என்று வாசுகி தன் குடத்தை முன்னால் நகர்த்தினாள்.

இன்று மலைச்சரிவில் பூல்மணி செடியைத் தடவித் தடவி நின்றாள். "கண்ணு... இருட்டு," என்றாள்.

சூப்பர்வைசர் கருணாகரன் சிரித்தார். "குளிரு புதுசுல்ல, பழகிரும். நடிக்க வேண்டாம்னு சொல்லு."

வாசுகியின் கை நின்றுவிட்டது. இது எஸ்டேட் கம்பவுண்டர் அவள் அம்மாவிடம் சொன்ன பேச்சு. சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, வயிற்றில் பிள்ளையோடு இங்கே வந்திறங்கியவள் அம்மா ஆண்டாயி. கால் வீங்கி, தலைவலி என்று போய் நின்றாள். நுவரெலியாக் குளிரில் பிறந்து வளர்ந்தவளுக்கு நீலகிரிக் குளிர் புதுசாம்! அந்த வாரமே வலிப்பு வந்து வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். அப்பா செல்லையா சாகும்வரை அந்தக் கம்பவுண்டரைத் திட்டினார். கூடவே திட்டி வளர்ந்தவள்தான் வாசுகி.

"ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க சார்."

"எலை எடை போடற நேரத்துல வண்டியக் கேக்கறியே, அவ உனக்கு ஒறம்பரையா?"

"ஒரு சொந்தமும் இல்ல. எனக்கு அவளக் கண்டாலே ஆகாது. ஜீப்ப எடுங்க!"

அவர் அசையவில்லை. வாசுகி ஜீப்பில் ஏறி, அடுக்கியிருந்த கொழுந்து மூட்டைகளைக் காலால் உதைத்துத் தள்ளினாள். கொழுந்து சேற்றில் கொட்டியது. கருணாகரன் கத்தினார். பூல்மணியை ஏற்றிய பிறகுதான் டிரைவரை ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்க விட்டாள். குன்னூர் இறக்கத்தில் பூல்மணிக்கு வலிப்பு வந்தது. கை கால் வெட்டி இழுத்த அந்த உடம்பை வாசுகி மடியில் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பூல்மணியைப் பிழைக்க வைத்தார்கள். குழந்தையை முடியவில்லை.

டாக்டரம்மா கோபத்தோடு வெளியே வந்தார். "பிரஷர் இவ்வளவு ஏறியிருக்கு. போன வாரமே கூட்டிட்டு வந்திருந்தா குழந்தையும் பொழச்சிருக்கும். மூஞ்சி வீங்கினத யாருமே பாக்கலியா?"

வாசுகி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் பாத்தேன்மா," என்றாள். "குளிர் புதுசுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."