ஜோதி அக்கா துடைத்த புள்ளிகள்

ஜோதி அக்கா இறந்த செய்தியை அவருடைய தம்பி பிரபு அண்ணன் போனில் சொன்னார். "அக்கா போயிட்டாம்மா. சாதா காய்ச்சல்னுதான் இருந்தோம்." அழுது முடித்து, "மாலை போட ஒரு படம் வேணும். நீ பண்ணாதான் அவளுக்குப் புடிக்கும்" என்றார். "சரிண்ணா" என்றேன். ஒரு மாதமாக நானும் அக்காவும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

உங்களில் பலர் அக்காவைக் கல்யாண மண்டபங்களில் கேமராவோடு பார்த்திருப்பீர்கள். அம்மா இறந்ததும் நான் பள்ளியை விட்டேன். வீடு தேடி வந்து, பாலகாட் பகுதியில் இருந்த தன் சின்ன ஸ்டுடியோ அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அதை மறைக்க மாட்டேன்.

வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு கேமராவும் படத்தில் தனக்கே உரிய விதத்தில் பொடிப் புள்ளிகளைத் தூவும். நாய்ஸ் என்போம். சாம்பல் நிற அட்டையைப் படமெடுத்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் கிடைக்கும். அதைத் தனிக் கோப்பாக்கி, எந்தக் கேமரா, இருட்டில் கூட்டிவைக்கும் ஐஎஸ்ஓ எவ்வளவு என்று லேபிள் எழுதுவது என் வேலை. பொருத்தமான கோப்பைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அந்தப் புள்ளிகளை மட்டும் துடைக்கும். அக்காவின் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதனால் பகல் வெளிச்சம், இருட்டு என்பதைக் கூட அக்கா டே ஷிப்ட், நைட் ஷிப்ட் என்றே எழுதச் சொல்வார்.

முதல் வாரம் நான் லேபிளை மாற்றி எழுதியதில் ஒரு மாப்பிள்ளையின் மீசை மெழுகாக வழிந்துவிட்டது. நான் பேசாதவள் என்பதால் அக்கா எனக்கு வைத்த பெயர் மைக் செட்டு. "இன்னா மைக் செட்டு, மாப்ளைக்கு சேவிங் பண்ணி வுட்டுட்டியே!" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "கேமரா பண்ண அழுக்கதான் தொடைக்கணும். ஆளு மூஞ்சில கீற புள்ளிய தொடக்கூடாது."

என் அம்மா மாரிகுப்பம் ஸ்டேஷன் வாசலில் வடை சுட்டு விற்றவர். இடது கன்னத்தில் எண்ணெய் தெறித்த புள்ளிகள் இருக்கும். வீட்டுச் சுவரில் உள்ள படத்தில் அவை இல்லை. அம்மாவுக்கு இருக்கும் ஒரே படம் அது. எடுத்தது அக்கா. "இருட்டுல எடுத்ததுடி, ஒரே நாய்ஸு. அதோட சேந்து போயிட்ச்சி" என்றார். நம்பினேன்.

போன மாதம் பழைய கோப்புகளை அடுக்கும்போது அந்தப் படத்தின் விவரம் கண்ணில் பட்டது. காலை வெயில், ஐஎஸ்ஓ நூறு. துடைக்க அதில் நாய்ஸே இல்லை. தெரிந்தே நைட் ஷிப்ட் கோப்பைப் போட்டிருந்தார்.

"இது பகல்ல எடுத்ததுக்கா."

அக்கா திரும்பவில்லை. "இன்னாடி இப்ப? நாலு பேரு வந்து பாக்கற செவுரு. புள்ளி புள்ளியா மாட்டணுமா? அழகாதானே பண்ணிக் குடுத்தேன்."

"ஒரிஜினல்?"

"அதான் நல்லதா ஒண்ணு கீதே. அது எதுக்கு? அழிச்சிட்டேன்."

இந்த வேலை தெரியாதவர் செய்திருந்தால் தவறு என்று விட்டிருப்பேன். எந்தப் புள்ளி யாருடையது என்று எனக்குச் சொன்னவரே செய்தார். கேட்டதும் அழகு என்றார்.

பிரபு அண்ணன் அனுப்பிய படம் ராத்திரி மண்டபத்தில் எடுத்தது. அக்காவின் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்த கருந்திட்டு. "அதக் கொஞ்சம் எடுத்துடும்மா" என்றார் அண்ணனின் மனைவி. நான் சரியான லேபிளைத் தேடி, கேமராவின் புள்ளிகளை மட்டும் துடைத்தேன். மங்கை விட்டுவிட்டேன். ஸ்கெலட்டன் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டில் படத்தைப் பிரித்ததும் மனைவி முகம் சுளித்தார். பிரபு அண்ணன் மட்டும் அந்தக் கன்னத்தை விரலால் தொட்டுக்கொண்டே நின்றார். என் வீட்டுப் படத்தில் அப்படித் தொட எனக்கு எதுவும் இல்லை.

அக்கா, உங்கள் மேல் கோபம் போகவில்லை. நீங்கள் சொன்னதை வைத்துக்கொள்கிறேன், செய்ததையும் மறக்க மாட்டேன். கிளம்பும்போது ஒரு பென்டிரைவை உங்கள் தம்பி கையில் கொடுத்தேன்.

"இதுல அக்கா படத்தோட ஒரிஜினல் கீதுண்ணா. யாரு கேட்டாலும் அழிக்காதீங்க."