முன்பல் இல்லாத படைவீரன்

அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரில், வடக்குப் படைக்கு ஓஹாயோ மாநிலம் மட்டும் மூன்று லட்சம் பேரை அள்ளிக் கொடுத்தது. லெமுவேல் ஹேட்ச் என்ற ஒரே ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ள மட்டும் அதற்கு மனசு வரவில்லை!

மூன்று தடவை போனான். மூன்று தடவையும் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், பார்த்தார், வெளியே கை காட்டினார். பத்தொன்பது வயதில் கோவேறு கழுதை ஒன்று உதைத்ததில் முன்பற்கள் அத்தனையும் போயிருந்தன. படைத் துப்பாக்கிக்கு வெடிமருந்தும் குண்டும் காகிதத்தில் சுற்றி வரும். அதைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் குழாயில் கொட்ட வேண்டும். பல் இல்லாதவன் போருக்கு ஆக மாட்டான், அவ்வளவுதான் சட்டம். தோளும் கண்ணும் சிங்கம் மாதிரி இருந்து என்ன பிரயோசனம்? லெமுவேலுக்கு மானமே போயிற்று.

"மாப்ளே, எதிரி கஞ்சி குடிக்கக் கூப்பிட்டா உன்னை அனுப்புறோம்டா!" என்று பக்கத்துப் பண்ணை ஆம்ரி வேறு கடைவீதியில் வைத்துச் சிரிப்பான்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு செப்டம்பரில் தெற்குப் படை ஓஹாயோவின் சின்சினாட்டி நகரை நோக்கி வந்துவிட்டது. துப்பாக்கி உள்ள எவனும் வரலாம், ரயில் இலவசம் என்று கவர்னரின் தந்தி ஊர் ஊராகப் பறந்தது. லெமுவேல் சோளக்காட்டில் அரிவாளைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். அணில் சுடும் நீளத் துப்பாக்கி, வெடிமருந்து நிரப்பிய மாட்டுக் கொம்பு, குண்டுப் பை எல்லாவற்றையும் தோளில் மாட்டினான்.

"என்னங்க, சாப்பிட்டாவது போங்க!" என்று மனைவி கெசையா கத்தியது ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும்.

அடேயப்பா, சின்சினாட்டியில் என்ன கூட்டம்! மான்தோல் சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக ஆயிரக்கணக்கான அணில் வேட்டைக்காரர்கள். நிலக்கரிப் படகுகளை வரிசையாகக் கட்டி ஆற்றின் மேல் போட்ட பாலம் கிடுகிடுவென்று ஆட, லெமுவேல் கத்திக்கொண்டே கடந்தான். அக்கரையில்தான் வந்தது வினை. ஒரு சார்ஜென்ட் படைத் துப்பாக்கியும் காகிதத் தோட்டாவும் நீட்டினார்.

"கடிச்சுக் காட்டுய்யா."

லெமுவேல் தோட்டாவை வாங்காமல் மருந்துக் கொம்பைத் தூக்கிக் காட்டினான். வாயும் சும்மா இருக்குமா?

"எதுக்குங்க கடிக்கணும்? இந்தக் கொம்பைக் கவுத்தா மருந்து கொட்டுது. இருபத்தெட்டு வருஷமா எந்த அணிலும் என் பல்லை எண்ணிப் பார்த்ததில்லை!"

வரிசையே கொல்லென்று சிரித்தது. சார்ஜென்டும் சிரித்துவிட்டார். "போய் அகழியில நில்லுய்யா."

பகலெல்லாம் மண்ணைத் தோண்டினான், துப்பாக்கியை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். எதிரி எட்டிப் பார்த்தான், இந்தக் கூட்டத்தைக் கண்டான், வந்த வழியே திரும்பிவிட்டான். லெமுவேல் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஊரில் ஆம்ரி விடுவானா? "ஓசி ரயில்ல ஊர் சுத்திட்டு வந்தியே, நீயெல்லாம் சோல்ஜராடா?" என்றான். எந்தப் படைப் பட்டியலில் லெமுவேலின் பெயர் இருந்தது, எடுத்துக் காட்ட?

மறுவருஷம் மாநிலத்திலிருந்து ஒரு தாள் ஊர்க் கடைக்குத் தபாலில் வந்தது. அவனுக்கு எழுத்து தெரியாது. ஆம்ரி உட்பட நாலு பேர் நிற்க, கடையிலேயே கெசையா படித்தாள். ஊரைக் காத்ததற்கு நன்றி, இத்துடன் படைச் சேவையிலிருந்து கௌரவமாக விடுவிக்கிறோம் என்றிருந்தது.

"விடுவிக்கிறாங்களா?" லெமுவேல் முகம் சிவந்துவிட்டது. "மறுபடியும் போன்னுட்டானுங்களா! இதோட நாலு தடவை! இவனுங்களுக்கு நான் என்னதான் செஞ்சேன்?"

"அட கூறுகெட்ட மனுஷா!" கெசையா தாளை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "படையில இல்லாதவனை எவனாச்சும் விடுவிப்பானா? உங்களைச் சேர்த்திருக்காங்கய்யா! அன்னைக்கே சேர்த்துட்டாங்க!"

லெமுவேல் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். ஆம்ரி மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.

"கெசையா, பேர் போட்டிருக்கிற இடத்திலிருந்து படி," என்றான் லெமுவேல். "சத்தமாப் படி."